பெட்டிக்குள் ஒரு பிழைப்பு

சம்பளம் வாங்கிக்கொண்டே சொந்தத் தொழில் செய்வது ஹிஞ்சேவாடியின் ஞாயிற்றுக்கிழமைக் கனவு. மாதம் ஒரு துணிப்பெட்டி அனுப்பும் சந்தா வியாபாரம் அதற்குச் சுலபமான வழியாகத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதிலுள்ள சிக்கல் புரியும்.

புனேயின் மேற்கு எல்லையில், மும்பை - பெங்களூர் நெடுஞ்சாலையைத் தாண்டியதும் தொடங்குகிறது ஹிஞ்சேவாடி. ஒரு காலத்தில் கரும்பும் நெல்லும் விளைந்த முல்ஷி தாலுகாவின் இந்தப் பகுதியில் இப்போது விளைவது சாஃப்ட்வேர். மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவில் இன்ஃபோசிஸ், விப்ரோ, டி.சி.எஸ்., காக்னிசன்ட், டெக் மஹிந்திரா என்று நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. காலையில் உள்ளே போகவும் மாலையில் வெளியே வரவும் வாகனங்கள் படும் பாடு புனே முழுக்கப் பிரசித்தம். இந்தச் சாலைக்கு மாற்றாக, சிவாஜிநகர் வரை 23 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

சாலையில் சிக்கிக் கிடக்கும் நேரத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. நல்ல சம்பளமும் கணிசமான வீட்டுக் கடனும் உள்ளவர்கள் இங்கே அதிகம். கூடவே, இந்த வேலை எத்தனை நாளைக்கு என்ற அச்சமும் இருக்கிறது. தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்தபோது அந்த அச்சத்துக்கு ஒரு எண் கிடைத்தது. இரண்டாவது வருமானத்துக்கு ஒரு வழி தேடுவது பேராசை அல்ல, முன்ஜாக்கிரதை என்று எண்ணத் தொடங்கினார்கள் பலர்.

அப்படித் தேடுபவர்களின் கண்ணில் படும் யோசனைகளில் ஒன்றுதான் துணிப்பெட்டிச் சந்தா. வாடிக்கையாளர் தன் அளவையும் பிடித்த நிறத்தையும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். மாதாமாதம் இரண்டு மூன்று உடைகள் அழகான அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேரும். கடை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், கல்லாவில் உட்கார ஆள் வேண்டாம். படுக்கையறை அலமாரி ஒன்று, மாதக் கடைசியில் இரண்டு ஞாயிறுகள், ஒரு லேப்டாப். இவ்வளவு இருந்தால் தொழில் ரெடி. அல்லது அப்படித் தோன்றுகிறது.

அமெரிக்கப் பெட்டி

இந்த யோசனைக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 2011இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கத்ரினா லேக் என்ற பெண், கேம்பிரிட்ஜ் நகரில் தான் குடியிருந்த வீட்டிலிருந்தே தொடங்கிய நிறுவனம் ஸ்டிச் ஃபிக்ஸ். ஒரு பெட்டியில் ஐந்து உருப்படிகள். தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கூலி 20 டாலர். பெட்டியில் எதையாவது வாங்கினால் இந்தக் கூலி விலையில் கழியும். ஐந்தையும் வைத்துக்கொண்டால் 25 சதவீதத் தள்ளுபடி. பிடிக்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆரம்பத்தில் எல்லாமே கையால் நடந்த வேலை. பிறகு 2012இல் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்திலிருந்து எரிக் கோல்சன் என்ற புள்ளிவிவர நிபுணர் வந்து சேர்ந்தார். யாருக்கு எந்தச் சட்டை பிடிக்கும் என்று கம்ப்யூட்டர் பரிந்துரைக்க, கடைசி முடிவை மனிதர் எடுக்கும் முறை உருவானது. 2017 நவம்பரில் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது லேக்குக்கு வயது 34. கையில் குழந்தையுடன் அவர் பங்குச் சந்தை மேடையில் நின்ற படம் உலகெங்கும் வெளியானது. 2021இல் ஆண்டு விற்பனை 210 கோடி டாலரைத் தொட்டது. வாடிக்கையாளர்கள் சுமார் 42 லட்சம் பேர்.

கதையைப் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிற்பாதிதான் முக்கியம். 2024 நிதியாண்டில் ஸ்டிச் ஃபிக்ஸின் விற்பனை 134 கோடி டாலருக்கு இறங்கியது. வாடிக்கையாளர் எண்ணிக்கை 25 லட்சமாகச் சுருங்கியது. 2023இல் பிரிட்டனில் கடையைக் கட்டியது. இதே பாணியில் ஆண்களுக்குத் துணிப்பெட்டி அனுப்பிய ட்ரங்க் கிளப்பை 2014இல் 35 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய நார்ட்ஸ்ட்ராம், 2022இல் அதை இழுத்து மூடியது. போட்டுப் பார்த்து வாங்கும் திட்டத்தை அமேசானும் 2025 ஜனவரியோடு கைவிட்டது.

பணமும் கம்ப்யூட்டரும் குறைவில்லாத இடத்திலேயே இந்தத் தொழில் தள்ளாடியது ஏன்? பெட்டி பிரிப்பதில் உள்ள குதூகலம் நாலைந்து மாதத்தில் வடிந்துவிடுகிறது. அரிசி தீர்கிறது, சோப்பு கரைகிறது, சவர பிளேடு மழுங்குகிறது. இவற்றுக்கு மாதாமாதம் தேவை எழுகிறது. சட்டை அப்படித் தீர்ந்துபோவதில்லை. அலமாரி நிரம்பியதும் வாடிக்கையாளர் விடைபெறுகிறார்.

இந்தியப் பெட்டி

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. ஃபேஷன் பத்திரிகை உலகிலிருந்து வந்த அர்ச்சனா வாலாவல்கரும் வங்கித் துறையிலிருந்து வந்த தீமான் ஷாவும் 2013இல் மும்பையில் ஸ்டைல்கிராக்கர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாடிக்கையாளரின் உடல்வாகு, ரசனை, பட்ஜெட் ஆகியவற்றைக் கேட்டறிந்து உடை தேர்ந்தெடுத்துப் பெட்டியில் அனுப்பும் சேவையை நடத்தினார்கள். நடிகை ஆலியா பட் இதில் முதலீடு செய்தார்.

இன்னொரு பெட்டிக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. வினீதா சிங்கும் அவருடைய கணவர் கௌசிக் முகர்ஜியும் 2012இல் தொடங்கியது ஃபேப் பேக் என்ற அழகுசாதனச் சந்தா. மாதம் ஒரு பையில் சில பொருள்கள். ஆயிரக்கணக்கான பெண்களிடமிருந்து இந்தியச் சருமத்துக்கு எது ஒத்துவருகிறது, எந்த நிறம் பிடிக்கிறது என்ற தகவல் திரண்டது. அந்தத் தகவலை மூலதனமாக்கி அவர்கள் 2015இல் கொண்டுவந்ததுதான் ஷுகர் காஸ்மெடிக்ஸ். பெரிய வியாபாரமானது பின்னால் வந்த இந்த உதட்டுச்சாயம்தான். முன்னால் போன பை அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

புனேயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2010இல் சுபம் மகேஸ்வரியும் அமிதவ் சாஹாவும் இங்கே தொடங்கிய ஃபர்ஸ்ட்க்ரை, பிரசவ மருத்துவமனைகள் மூலம் புதிய தாய்மார்களுக்குக் குழந்தைப் பொருள்கள் அடங்கிய அன்பளிப்புப் பெட்டியைக் கொடுத்தது. பெட்டியில் லாபம் இல்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குக் குழந்தைச் சட்டை வாங்கப்போகும் ஒரு குடும்பம் அறிமுகமாகிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன.

ஃபேப் பேக்குக்கும் ஃபர்ஸ்ட்க்ரைக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பெட்டி அவர்களுக்கு வாடிக்கையாளரின் வீட்டுக் கதவைத் திறக்கும் சாவியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் விற்பதற்கு வேறு சரக்கு வைத்திருந்தார்கள்.

மூட்டைக்காரரின் நோட்டு

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. சைக்கிளின் பின்னால் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்த தவணைக்காரரை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்ணையில் மூட்டையை அவிழ்ப்பார். எந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், எந்த மாமிக்குச் சுங்கடி பிடிக்கும், யார் வீட்டில் பத்தாம் தேதிக்குமேல் காசு இருக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புடவையைக் கொடுத்துவிட்டு வாரம் பத்தோ இருபதோ வசூலிப்பார். கணக்கு ஒரு நீள நோட்டில் இருக்கும். பிடிக்காத புடவை அடுத்த வாரம் மூட்டைக்குத் திரும்பும். அடுத்த தெருவில் விற்றுப்போகும்.

கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் 'கனவு நனவு' சேமிப்புத் திட்டமும் ஒருவகையில் சந்தாதான். மாதாமாதம் தவணை கட்டி, முடிவில் நிறுவனம் சேர்க்கும் கூடுதல் தொகையோடு கைத்தறித் துணியாக எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிச் சீட்டின் தர்க்கமும் இதுவே. இவற்றில் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தாதாரர் மாதந்தோறும் கட்டுவது பணத்தைத்தான். துணியைத் தேவைப்படும்போது தானே பார்த்து எடுக்கிறார்.

நவீனப் பெட்டிக்காரர் தோற்கும் மூன்று இடங்களிலும் மூட்டைக்காரர் ஜெயித்தார். வாடிக்கையாளரைப் பிடிக்க அவருக்கு விளம்பரச் செலவு இல்லை. திரும்பி வரும் சரக்குக்குக் கூரியர் செலவு இல்லை. அளவு சரியில்லை என்ற பிரச்சினை அவருடைய புடவைக்கும் வேட்டிக்கும் இல்லை.

அளவு என்ற வில்லன்

கடைசியாகச் சொன்னதுதான் ஆயத்த ஆடை வியாபாரத்தின் பெரிய தலைவலி. ஒரு கம்பெனியின் 'மீடியம்' இன்னொரு கம்பெனியின் 'லார்ஜ்'. நாம் உடுத்தும் சட்டைகளின் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடல்களை வைத்து வகுக்கப்பட்டவை. இந்தியர்களுக்கென்று தனி அளவுப் பட்டியல் தயாரிக்க, தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டம் ஒன்றுக்கு மத்திய ஜவுளி அமைச்சகம் 2018இல் அனுமதி அளித்தது. கொல்கத்தா, மும்பை, தில்லி, ஹைதராபாத், பெங்களூர், ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 25 ஆயிரம் பேரை முப்பரிமாண ஸ்கேனர் கருவியால் அளப்பது திட்டம். ஒரு அரசாங்கமே இவ்வளவு மெனக்கெட வேண்டிய விஷயத்தை, வாட்ஸ்அப்பில் நாலு கேள்வி கேட்டு முடித்துவிடலாம் என்று புதிய தொழில்முனைவர் நம்புவதுதான் வேடிக்கை.

அளவுப் பிரச்சினை சரக்குப் பிரச்சினையாக மாறுகிறது. முப்பது பேருக்கு ஒரே நீலக் குர்த்தாவை அனுப்ப முப்பது குர்த்தா வாங்கினால் போதாது. எந்த அளவில் எத்தனை தேவைப்படும் என்பது முன்கூட்டித் தெரியாது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மிச்சச் சரக்கில் எல்லா அளவும் வரிசையாக இருக்காது. அளவு உடைந்ததால்தானே அது மிச்சமானது! வாரந்தோறும் கூடும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் புடவை, லுங்கி, துண்டு, படுக்கை விரிப்பு வாங்குவது இந்த வகையில் பத்திரமானது. அவை யாருக்கும் சிறிதாகிப் போவதில்லை.

சரக்குக்குப் பஞ்சமில்லாத தேசம் இது. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் 45 ஆயிரம் கோடி ரூபாயை நெருங்கியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, உள்நாட்டுச் சந்தையின் அருமை திருப்பூருக்கு மீண்டும் ஒருமுறை உறைத்தது. மகாராஷ்டிரத்தில் இச்சல்கரஞ்சியின் விசைத்தறிகள், யேவலாவின் பைட்டணிப் புடவைகள், சோலாப்பூர் துண்டுகள், புனே லக்ஷ்மி ரோடு ஜவுளிக் கடைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். துணி கிடைப்பது எளிது. விற்காத துணி வீட்டைவிட்டுப் போவதுதான் கடினம்.

நூறு பெட்டிக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. அவரவர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று உடைகள் கொண்ட பெட்டியின் மாதச் சந்தா 1,999 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. போக நிற்பது 1,904. வரி நீங்கலாக உடை ஒன்றின் கொள்முதல் விலை 350 என்றால் மூன்றுக்கு 1,050. பெட்டி, காகிதம், வாழ்த்து அட்டைக்கு 60. கூரியர் 90. பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கமிஷன் 47. ஆக, செலவு 1,247. மிச்சம் 657 ரூபாய். நூறு சந்தாதாரர் என்றால் 65,700. பேப்பரில் அருமையாக இருக்கிறது.

இப்போது நிஜம் நுழைகிறது. நூறில் 25 பேர் ஏதோ ஒன்றை மாற்றக் கேட்கிறார்கள். திரும்பி வரவும் மறுபடி போகவும் பெட்டிக்கு 190 ரூபாய் என்றால் 4,750 போகிறது. மிச்சம் 60,950. இந்த நூறு பேரைப் பிடிக்க ஆளுக்கு 600 ரூபாய் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குச் செலவாகியிருந்தால் 60 ஆயிரம் போச்சு. முதல் மாத லாபம் 950 ரூபாய். 300 உடை அனுப்ப, எல்லா அளவிலும் இருக்கட்டும் என்று 400 உடை வாங்கியிருப்பீர்கள். மீதி 100 உடையில் 35 ஆயிரம் ரூபாய் கட்டிலுக்கடியில் தூங்குகிறது.

இரண்டாம் மாதம் 30 பேர் கழன்றுகொள்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப விளம்பரம் 18 ஆயிரம். மிச்சம் 42,950. இதில் மாதம் 30 உடை விற்காமல் பழசாகிப்போனால் இன்னொரு 10,500 கழியும். கையில் நிற்பது 32,450. தேர்வு, பேக்கிங், முகவரி, புகார், சமாதானம் என்று பெட்டிக்கு அரை மணி நேரம் என்றால் மாதம் 50 மணி. அதாவது நான்கு ஞாயிறுகள், ஒவ்வொன்றிலும் 12 மணி நேரத்துக்கு மேல். குழந்தையின் ஹோம் ஒர்க்கும் வயதான பெற்றோருக்கு ஊருக்குப் போடும் போனும் இந்த 50 மணியிலிருந்துதான் வெட்டப்படுகின்றன.

இது நஷ்டக் கணக்கு அல்ல. ஆனால் லாபம் முழுவதையும் தீர்மானிப்பது அந்த '30 பேர்' என்ற எண். அது 10 ஆனால் தொழில் நிற்கும். 50 ஆனால், விளம்பர நிறுவனத்துக்காக நீங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு முதலாளிகள்

ஹிஞ்சேவாடிக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது வேலை ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. 'மூன்லைட்டிங்' என்ற சொல் 2022இல் கம்ப்யூட்டர் உலகத்தைக் கலக்கியது. அந்த ஆகஸ்டில் ஸ்விக்கி நிறுவனம், ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே வேறு பணி செய்யலாம் என்று அனுமதித்தது. அதே மாதம் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி இத்தகைய இரட்டை வேலையை மோசடி என்று வர்ணித்தார். செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை விப்ரோ நீக்கியதாக அறிவித்தார். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. அக்டோபரில், முன் அனுமதி பெற்று, நிறுவனத்தின் நலனோடு மோதாத வெளிப் பணிகளைச் செய்யலாம் என்று விளக்கியது. புனேயை மையமாகக் கொண்டு இயங்கும் நைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் ஊழியர் அமைப்பு, நிறுவனங்களின் கெடுபிடியை எதிர்த்துக் குரல் கொடுத்தது.

இந்தச் சண்டையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வார இறுதியில் இசைக்குழுவில் வாசிப்பதையோ வேறு முயற்சியில் ஈடுபடுவதையோ ஊழியர் வெளிப்படையாகச் சொல்லி, நிறுவனத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பிரேம்ஜியே குறிப்பிட்டார். குற்றமாகப் பார்க்கப்பட்டது ஒளிவும் போட்டியும்தான். துணிப்பெட்டி எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் போட்டி ஆகாது. ஆனால் சொல்லாமல் செய்தால் ஒளிவு ஆகும்.

'தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறதே' என்று சிலர் வாதிடுவதுண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் 1967இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நியாயமான கட்டுப்பாடு செல்லும் என்பதே அதன் சாரம். ஆகவே சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை ஒப்பந்தத்துக்குப் பல் உண்டு. மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ தொழிலைப் பதிவு செய்வது பலருக்குத் தோன்றும் உபாயம். உண்மையிலேயே அவர்கள் நடத்தினால் அதில் தவறில்லை. பெயர் அவர்களுடையது, ஆபீஸ் லேப்டாப்பில் பார்சல் சீட்டு அச்சடிப்பவர் இவர் என்றால், மாட்டிக்கொள்ளும் நாளில் அந்தப் பெயர் காப்பாற்றாது.

வரியும் விதியும்

சர்க்கார் இரண்டாவது பங்காளி. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பெட்டிக்காரருக்கு இதில் ஒரு பொறி உண்டு. ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத, வெவ்வேறு வரி விகிதமுள்ள பொருள்களை ஒரே விலையில் ஒரே பெட்டியாக விற்றால் அது 'கலப்பு வழங்கல்'. அதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் பெட்டி முழுவதற்கும் விழும். 5 சதவீதக் குர்த்தாக்களுக்கு நடுவே அழகுக்காக வைத்த ஒரு 18 சதவீதப் பொருள் மொத்த லாபத்தையும் தின்றுவிடலாம்.

மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பது மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள பொதுவான வரம்பு. ஆனால் ஹிஞ்சேவாடியிலிருந்து கோயமுத்தூரில் உள்ள தங்கைக்குத் தோழியான ஒருத்திக்கு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் அது மாநிலம் தாண்டிய வியாபாரம். அப்போது பதிவு கட்டாயம்.

போட்டுப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்ளும் முறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சம்மதத்தின்பேரில் அனுப்பும் சரக்கை டெலிவரி சலானோடு அனுப்பலாம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டதும் பில் போட வேண்டும். எப்படியும் ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும்.

மாதாமாதம் தானாகவே பணம் எடுப்பதிலும் இஷ்டம்போல் நடக்க முடியாது. 2021 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். முதலில் 5 ஆயிரமாக இருந்து 2022 ஜூனில் 15 ஆயிரமாக உயர்ந்த வரம்புக்குமேல் போனால் ஒவ்வொரு தடவையும் அவருடைய ஒப்புதல் வேண்டும். அந்த ஒரு குறுஞ்செய்தி பல சந்தாக்களுக்கு எமன். 'அட, இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா?' என்று நினைவு வந்து ரத்து செய்துவிடுகிறார்கள்.

ரத்து செய்யும் வழியை ஒளித்துவைக்கவும் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் 'சந்தாப் பொறி'யும் ஒன்று. சேர ஒரு பொத்தான், விலக ஒன்பது பக்கம் என்ற வித்தை இனிச் செல்லாது.

ஐந்து கிலோமீட்டர் ராஜ்யம்

அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா? ஹிஞ்சேவாடியைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த இடத்துக்கென்று ஓர் அனுகூலம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஒரேமாதிரி வாடிக்கையாளர்கள் சில கிலோமீட்டருக்குள் அடுக்குமாடிகளில் குவிந்திருக்கிறார்கள். வாக்கட், மாருஞ்சி, பாலேவாடி, பாணேர் என்று சுற்றிலும் உள்ள குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கிராமம். அலுவலக உடை விஷயத்திலும் இறுக்கம் குறைந்துவிட்டது. 2015 ஜூனில் இன்ஃபோசிஸ் வாரம் முழுக்கச் சாதாரண உடைக்கு அனுமதி தந்த பிறகு, ஆபீஸுக்கு என்ன உடுத்துவது என்பது காலை நேரக் கேள்வியாகிவிட்டது. கடைக்குப் போக நேரமில்லை. லக்ஷ்மி ரோடு போய்வர ஒரு சனிக்கிழமையே தேவை.

இங்கே பெட்டியை நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கூரியர் 90 ரூபாய் மிச்சம். திரும்பி வாங்கும் 190 ரூபாயும் மிச்சம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். விளம்பரத்தின் 600 ரூபாய் பாதியாகும். முக்கியமாக, வாடிக்கையாளர் கண்ணெதிரே நிற்கிறார். அவருடைய தோள் அகலம் படிவத்தில் இருப்பதைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கத்ரினா லேக்கும் தொடங்கியது இப்படித்தான், தன் ஊரில், தன் கைக்கெட்டிய பெண்களோடு. உலகம் பூரா அனுப்பலாம் என்ற ஆசைதான் சிறு தொழிலின் முதல் எதிரி.

மாதம் ஒரு பெட்டி என்ற ஆங்கில நாட்காட்டியையும் மாற்றிக்கொள்ளலாம். பொங்கல், குடிபாட்வா, ஆடி, கணேஷ் சதுர்த்தி, தீபாவளி என்று நம் வீடுகளில் துணி எடுக்க ஏற்கெனவே ஓர் அட்டவணை இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து பெட்டி, அதற்கு மாதத் தவணை என்றால் அலமாரியும் நிரம்பி வழியாது, ஞாயிற்றுக்கிழமைகளும் தப்பிக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். முன்கூட்டி வாங்கும் தவணை லாபம் அல்ல, கடன். தீபாவளிச் சீட்டு நடத்தி ஓடிப்போனவர்களின் கதை தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களில் பலர் திருட நினைத்துத் தொடங்கியவர்கள் அல்ல; அடுத்தவர் தவணையைத் தன் வருமானமாக நினைத்தவர்கள்.

பெட்டி கட்டும் முன்

• வேலை ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். அனுமதி கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப், மின்னஞ்சல், நேரம் மூன்றையும் தொழிலுக்குத் தொடாதீர்கள்.

• இருபது பேரோடு மூன்று முறை அனுப்பிப் பாருங்கள். மூன்றாவது பெட்டிக்கு எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்பதே தொழிலின் ஜாதகம்.

• அளவுத் தொல்லை இல்லாத புடவை, துப்பட்டா, வேட்டி, தளர்ந்த குர்த்தா ஆகியவற்றில் தொடங்குங்கள்.

• தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. முன்பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

• சம்பளத்தோடு வியாபார வருமானமும் சேர்ந்தால் எளிய வருமான வரிப் படிவம் போதாது. கணக்காளர் ஒருவரை முதல் மாதமே பாருங்கள்.

• எவ்வளவு நஷ்டம்வரை தாங்குவது என்று தொகையை முன்பே எழுதிவைத்து, வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எல்லை வந்ததும் அவர் நிறுத்தச் சொல்லட்டும்.

மாதம் முப்பதாயிரம் ரூபாய், வீட்டுக் கடன் தவணையை அடைத்துவிடலாம். வேலை போனால் அடுப்பு எரியவும் உதவலாம். அந்த அளவுக்கு இந்தத் தொழில் மரியாதைக்குரியது. ஆனால் வேலை இருக்கும்போதே அது வேலையைப் பறித்துவிடக்கூடாது. மூட்டைக்காரர் தன் எல்லையை அறிந்திருந்தார். சைக்கிள் போகும் தூரம்தான் அவருடைய சந்தை, நோட்டில் அடங்கும் பெயர்கள்தான் அவருடைய வாடிக்கை. ஹிஞ்சேவாடிக்காரரிடம் நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் எத்தனை லட்சம் பெயர்களை வேண்டுமானாலும் ஏற்றலாம். பெட்டி கட்ட இருப்பவை என்னவோ இரண்டு கைகள்தான்.